எலிவேஷன் கிளாடிங்குக்கு முன்னாடி சுவரை எப்படி செக் பண்றது: புதுசா வர்றவங்களுக்கு

கிளாடிங் வேலைக்குப் புதுசா வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஒரே நினைப்போடதான் வர்றாங்க, சுவர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன, மேல கல்லோ டைல்ஸோ ஷீட்டோ வந்து மூடப்போகுது, எல்லாம் மறைஞ்சிடும்னு. மறையாதுங்க. பெயின்ட் அடிச்ச சுவர்ல 6 எம்எம் பள்ளம் இருந்தா யார் கண்ணுக்கும் படாது. அதே இடத்துல ரெண்டு பெரிய டைல்ஸ் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா ஜாயின்ட்ல ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும், சாயங்கால வெயில் சுவரை ஒட்டி சாய்வா விழுறப்ப அந்தத் தூக்கல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிழல் கோடு விழுந்து மொத்த எலிவேஷனும் அசிங்கமா தெரியும். பளபளப்பான மெட்டல் ஷீட்னா இன்னும் மோசம், எதிர்ல இருக்கிற மரமும் கரன்ட் கம்பமும் அதுல நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும்.

அதனால முதல் பீஸைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி சுவரை நம்பரா மாத்திடணும். "பார்த்தா நல்லாத்தான் இருக்கு"ங்கிறது ஒரு அளவு இல்ல. எந்த இடம் எத்தனை எம்எம் வெளிய வந்திருக்கு, எந்த இடம் எத்தனை எம்எம் உள்ள போயிருக்குன்னு, மொத்த சுவருக்கும் ஒரே தளத்தை வெச்சு அளந்து எழுதிட்டீங்கன்னா ஒட்டலாமா, பூசணுமா, கொத்தணுமா, ஃப்ரேம் அடிக்கணுமாங்கிற கேள்விக்கு அந்த நம்பரே பதில் சொல்லிடும்.

பாக்க வேண்டியது நாலு. மேடு பள்ளம் இருக்கா, தூக்கு சரியா இருக்கா (அதாவது சுவர் சாயாம செங்குத்தா நிக்குதா), சுவர் முறுக்கிக்கிட்டு இருக்கா, மூலை சரியா 90 டிகிரி நிக்குதா. இந்த நாலும் வேற வேற விஷயம், ஒண்ணு சரியா இருக்கிறதால இன்னொண்ணும் சரியா இருக்கும்னு அர்த்தம் இல்ல. ஒரு மேடு பள்ளம்கூட இல்லாத சுவர் அப்படியே முன்னாடி சாஞ்சு நிக்கலாம்.

முதல்ல சாமானை செக் பண்ணுங்க

இதை யாரும் செய்றதில்ல, ஆனா இங்கதான் ஆரம்பிக்கணும். ரசமட்டத்தை ஒரு திண்டு மேல வெச்சு, ரெண்டு முனைக்கும் பென்சில்ல கோடு போட்டு, குமிழி எங்க நிக்குதுன்னு பாருங்க. இப்ப தலைமாத்தி, வலது முனை இடது கோட்டுக்கு வர்ற மாதிரி அதே இடத்துல வையுங்க. குமிழி அதே இடத்துல நிக்கணும். அடுத்தது தூக்குக் குமிழி. மட்டத்தோட அகலமான பக்கம் சுவரை ஒட்டுற மாதிரி செங்குத்தா வெச்சு, குமிழி நடுவுல வர்ற மாதிரி நிறுத்தி, ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போடுங்க, அப்புறம் அதே ஓரம் அந்தக் கோட்டைக் கோட்டோட மறுபக்கத்துல இருந்து தொடுற மாதிரி திருப்பி வையுங்க, குமிழி மறுபடியும் நடுவுல வந்தா நம்பலாம். வரலேன்னா அந்த மட்டத்தை அன்னைக்கே ஒதுக்கிடுங்க, கீழ விழுந்து அடி வாங்கின மட்டம் நிறைய சைட்ல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

அடுத்தது அலுமினியப் பட்டை, 2 மீட்டர் ஒண்ணு, முடிஞ்சா 3 மீட்டர் ஒண்ணு. சமமான தரையில வெச்சு ஓரத்தை ஒட்டி மெல்லிசா கோடு போட்டுட்டு, பட்டையைப் புரட்டி அதே ஓரத்தைக் கோட்டோட அந்தப்பக்கம் வெச்சு திரும்ப ஒரு கோடு போடுங்க. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா பட்டை நேரா இருக்கு. நடுவுல 2 எம்எம் இடைவெளி விழுந்தா பட்டை 1 எம்எம் வளைஞ்சிருக்குன்னு கணக்கு, ஏன்னா புரட்டுறப்ப வளைவு ரெண்டு மடங்காத்தான் தெரியும்.

லேசர் இருந்தா, காத்து அடிக்காத இடத்துல தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூல் ஆடாம நின்னதும் செங்குத்து லைனை அது மேல அடிச்சுப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் லைன் நூலைவிட்டு விலகக் கூடாது. லேசர் எவ்ளோ விலை கொடுத்து வாங்கினதா இருந்தாலும் நூல் சொல்றதுதான் சரி.

இதோட ஒரு ஆப்பு செஞ்சு வெச்சுக்குங்க, செலவே இல்லாத சாமான், ஆனா ரொம்ப உதவும். 100 எம்எம் நீளத்துக்கு மரத்துண்டு, ஒரு முனை ஒண்ணுமே இல்லாம கூர்மையா, இன்னொரு முனை 10 எம்எம் தடிமனா சீவி, நீளவாக்குல 10 எம்எம்க்கு ஒரு கோடு போட்டுட்டா ஒரு கோட்டுக்கு 1 எம்எம் தடிமன். பட்டைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்துல சொருகி, எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்தா போதும், டேப்பை வெச்சு கண்ணைச் சுருக்கிப் பாக்க வேண்டியதில்ல.

கண்ணும் டார்ச்சும்

அளக்குறதுக்கு முன்னாடி மூலையில போய் நின்னு, கன்னம் சுவர்ல உரசுற அளவுக்கு முகத்தைக் கிட்ட வெச்சு நீளவாக்குல பாருங்க. பெரிய வயிறு, பெரிய குழி எல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். இருட்டின அப்புறம் ஒரு டார்ச்சை சுவர்லயே சாய்ச்சு வெச்சு வெளிச்சத்தை நீளமா ஓட விட்டா மேடெல்லாம் பளிச்சுன்னும் பள்ளமெல்லாம் கருப்பாவும் தெரியும், அந்த இடங்களை சாக்பீஸ்ல வட்டம் போட்டு வையுங்க. கான்கிரீட் காலமும் (தூண்) செங்கல் சுவரும் சேர்ற இடம், லின்டல் பீம் போற இடம், ஸ்லாப் ஓரம், இந்த மூணையும் தனியா கவனியுங்க. ஷட்டரிங் (கான்கிரீட் ஊத்துற அச்சுப் பலகை) கொஞ்சம் வெளிய தள்ளினாலே அங்க ஒரு படி விழுந்திருக்கும், சுவர்ல பெரிய வித்தியாசம் வர்றது பெரும்பாலும் இந்த இடங்கள்லதான்.

கூடவே கரணைக் காம்பால தட்டிக்கிட்டே போங்க. டொக்கு டொக்குன்னு பொள்ளல் சத்தம் கேட்டா பூச்சு விட்டிருக்கு, அதை மார்க் பண்ணிடுங்க. கழண்டு நிக்கிற பூச்சு எவ்ளோ சமமா இருந்தும் பிரயோஜனம் இல்ல, அதை எடுத்துட்டுத்தான் மத்த வேலை.

பட்டை வெச்சு மேடு பள்ளம்

பட்டையை படுக்கவசமா, செங்குத்தா, ரெண்டு பக்கமும் குறுக்கால, இப்படி நாலு திசையிலயும் வெச்சுப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் பாதி நீளம் முந்தின இடத்தோட சேர்ற மாதிரி நகர்த்துங்க. ரெண்டு முனையும் தொட்டு நடுவுல சந்து தெரிஞ்சா பள்ளம், ஆப்பை சொருகுங்க, நம்பரை அங்கேயே சுவர்ல எழுதுங்க. பட்டை நடுவுல தொட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆடிச்சுன்னா மேடு. இதை அளக்குறப்பதான் புதுசா வர்றவங்க நிறைய பேர் தப்பா எழுதுறாங்க, ஒரு முனையை அழுத்திப் பிடிச்சுட்டு மறுமுனையில இருக்கிற மொத்த சந்தையும் அளந்துடுறாங்க, மேடு சரியா நடுவுல இருந்தா அந்த நம்பர் உண்மையைவிட ரெண்டு மடங்கு வரும். ரெண்டு முனைலயும் சந்து ஒரே அளவா வர்ற மாதிரி பட்டையை நிறுத்திட்டு அளங்க, அதுதான் மேட்டோட உயரம்.

எத்தனை எம்எம் வரைக்கும் விடலாம்? அது மேல என்ன வருதுங்கிறதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டுல ஒட்டுற டைல்ஸுக்கு 2 மீட்டர் பட்டைக்குக் கீழ 3 எம்எம் வரைதான் கணக்கு. அமெரிக்க ஸ்டாண்டர்டுல ஏதாவது ஒரு பக்கம் 15 இன்ச் இல்ல அதுக்கு மேல இருக்கிற டைல்ஸுக்கு 10 அடிக்கு 1/8 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 3 மீட்டருக்கு 3 எம்எம், அதைவிடச் சின்ன டைல்ஸுக்கு 10 அடிக்கு 1/4 இன்ச். ஆனா கட்டடம் கட்டுறதுக்கான ஸ்டாண்டர்டு இவ்ளோ கறாரா இருக்காது, உதாரணத்துக்கு ஜெர்மனியோட டின் 18202 எடுத்துக்கிட்டா, பூசி முடிச்ச சாதாரண சுவருக்கே 4 மீட்டர் தூரத்துல 10 எம்எம் வரை விடுது, பூசாததுக்கு 15 எம்எம். அதனால "சுவர் வேலை சரியா இருக்குன்னு ஏற்கனவே பாஸ் பண்ணிட்டாங்க"ன்னு சொன்னாங்கன்னா அதை நம்பி ஒட்ட ஆரம்பிச்சிடாதீங்க, சுவரா பாஸ் ஆனது கிளாடிங்குக்கு பாஸ் ஆகணும்னு இல்ல. கரடுமுரடான சின்னக் கல்லு பதிக்கிறதா இருந்தா கொஞ்சம் தாராளமா விடலாம், கல்லே மேடும் பள்ளமுமா இருக்கிறதால கண்ணு அதைக் கண்டுபிடிக்காது. பெரிய, வழுவழுப்பான பீஸ்னா ஒரு எம்எம்கூட விட்டுக்கொடுக்காதீங்க.

தூக்கு

மேஸ்திரிங்க வெச்சிருக்கிற தூக்குக் குண்டுல மேல ஒரு கட்டை இருக்கும், கட்டையோட அகலமும் குண்டோட விட்டமும் ஒரே அளவு, நூல் கட்டையோட நடுவுல போகும். கட்டையை சுவரோட ஒட்டிப் பிடிச்சு குண்டை இறக்குனா, குண்டு சுவரை உரசியும் உரசாம நின்னா தூக்கு சரி. குண்டு சுவரை விட்டு விலகி நின்னா சுவரோட மேல்பக்கம் வெளிய சாஞ்சிருக்கு. குண்டு சுவர் மேல படுத்து நூல் மடங்கினா கீழ்பக்கம் வெளிய தள்ளியிருக்கு, இந்த நிலைமைல எத்தனை எம்எம்னு அளக்கவே முடியாது, அதனால கட்டைக்குப் பின்னாடி ஒரு 50 எம்எம் துண்டு கொடுத்து தள்ளிப் பிடிச்சுட்டு நூலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தை மேல, கீழ, நடுவுல அரை மீட்டருக்கு ஒரு இடம்னு அளந்து எழுதுங்க. எப்பவும் நூல்ல இருந்துதான் அளக்கணும், குண்டுல இருந்து இல்ல.

வெளிச்சுவர்னாலே காத்து இருக்கும், குண்டு ஆடிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கெட்ல தண்ணி ரொப்பி குண்டை அதுக்குள்ள முங்க விடுங்க, அடியும் படக்கூடாது, பக்கமும் படக்கூடாது, கொஞ்ச நேரத்துல ஆட்டம் நின்னுடும்.

ரெண்டு மூணு மாடி கட்டடம்னா தளத்துக்குத் தளம் தூக்கு பார்த்து ஏமாறாதீங்க. ஒவ்வொரு தளமும் தனித்தனியா சரியா இருந்துட்டு ஒரு ஸ்லாப் மட்டும் 20 எம்எம் வெளிய நிக்கலாம். பாரபெட்ல இருந்து தரை வரைக்கும் ஒரே கம்பியா இறக்கி, கனமான வெயிட் கட்டி, தூக்கு நின்னதும் மேலயும் கீழயும் இழுத்துக் கட்டிடுங்க. சுவரோட ரெண்டு மூலையிலயும் ஒவ்வொண்ணு, ஜன்னல் வரிசைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. ஒவ்வொரு ஸ்லாப் ஓரத்துலயும் கம்பிக்கும் சுவருக்கும் எவ்ளோன்னு எழுதினா முழுக் கட்டடத்தோட நிலைமையும் ஒரே தாள்ல வந்துடும்.

முறுக்கு பாக்குறது

சுவரோட இடது ஓரம் கொஞ்சம் முன்னாடியும் வலது ஓரம் கொஞ்சம் பின்னாடியும் சாஞ்சிருந்தா, மேல படுக்கவசமா பட்டை வெச்சாலும் நேரா காட்டும், கீழ வெச்சாலும் நேரா காட்டும், ஆனா சுவர் முறுக்கிக்கிட்டு இருக்கும். பெரிய பேனல் இதுமேல உக்காரவே உக்காராது, மூணு மூலை தொட்டா நாலாவது மூலை தூக்கும். இதைக் கண்டுபிடிக்க ரொம்ப சுலபமான வழி ஒண்ணு இருக்கு. நாலு மூலையிலயும் ஒரே தடிமன் உள்ள கட்டை, 50 எம்எம்னு வெச்சுக்குவோம், அதை வெச்சு மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு தங்கூஸ் நரம்பு இழுத்துக் கட்டுங்க. நடுவுல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மெல்ல தொட்டுக்கிட்டுப் போனா நாலு மூலையும் ஒரே தளத்துல இருக்கு. இடைவெளி விட்டா அதோட ரெண்டு மடங்கு முறுக்கு, நடுவுல 3 எம்எம்னா நாலாவது மூலை 6 எம்எம் விலகியிருக்கு. தொடுறது முட்டுறதா உரசுறதான்னு சந்தேகமா இருந்தா முன்னாடி போற நரம்பை பின்னாடி மாத்திக் கட்டிப் பாருங்க, அப்ப இடைவெளி தெரிஞ்சா முறுக்குதான்.

அதே நரம்புல இன்னொரு வேலையும் ஆகும். அதே 50 எம்எம் கட்டை இன்னொண்ணை எடுத்து நரம்புக்குப் பின்னாடி நகர்த்திக்கிட்டே போனா, முட்டுற இடம் மேடு, சந்து விடுற இடம் பள்ளம். நீளமா கட்டுன நரம்பு நடுவுல தொய்யும்தான், ஆனா தொய்வு கீழ்நோக்கித்தான் போகும், சுவரை நோக்கிப் போகாது, அதனால சுவர்ல இருந்து அளக்குற தூரம் கெடாது. காத்துதான் கெடுக்கும், அதனால காத்து நின்ன நேரமா பார்த்து அளங்க.

லேசரும் கட்டமும்

இதுதான் முக்கியமான வேலை, இதுக்கு நேரம் ஒதுக்குங்க. சுவரோட ஒரு ஓரத்துல, மூலையைத் தாண்டி கெட்டியான தரையில ட்ரைபாட் நிறுத்தி, செங்குத்து லைன் சுவருக்கு இணையா அதுக்கு முன்னாடி ஓடுற மாதிரி வைக்கணும். சாரத்து மேல லேசரை வைக்காதீங்க, ஒருத்தர் நடந்தாலே அசையும். கீழ, ரெண்டு ஓரத்துலயும் ஒரு ஸ்கேலை சுவர்ல இருந்து வெளிய நீட்டிப் பிடிச்சு, லைன் ரெண்டு இடத்துலயும் 100 எம்எம்ல விழுற வரைக்கும் லேசரைத் திருப்புங்க. இப்ப சுவருக்கு முன்னாடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துத் தளம் நிக்குது. இனிமே எந்த இடத்துல ஸ்கேல் வெச்சாலும் வர்ற நம்பர்ல மேடு பள்ளம், தூக்கு, முறுக்கு மூணும் சேர்ந்தே வந்துடும்.

வெயில்ல லைன் தெரியாது, அதனால சாயங்காலமா செய்ங்க, இல்ல டிடெக்டர் (லைன் விழுற இடத்தைக் கண்டுபிடிக்கிற கருவி) வெச்சுக்குங்க. தூரம் போகப்போக லைன் தடிமனாகும், எப்பவும் அதோட நடுவைப் படிங்க. லேசர் லைன் போற பாதையில யாரும் கண்ணை வெச்சுப் பாக்க வேண்டாம். சாரம் கட்டுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி, உள்பக்கக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவுல லைன் போக இடம் விடச் சொல்லுங்க, அப்புறம் கேட்டா நடக்காது.

6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள சுவர்னு வெச்சுக்குங்க. மீட்டருக்கு ஒரு புள்ளின்னு போட்டா அகலத்துல 7, உயரத்துல 4, மொத்தம் 28 புள்ளி. பெரிய பீஸ் ஒட்டுறதா இருந்தா 60 செமீக்கு ஒண்ணு போடுங்க, ஃப்ரேம்னா பிராக்கெட் வர்ற இடத்துலயே புள்ளி வையுங்க. ஒவ்வொரு புள்ளிலயும் நம்பரை சுவர்லயே எழுதி, அப்புறம் தாள்ல அதே கட்டத்துல எழுதுங்க. நம்பர் குறைஞ்சா அந்த இடம் வெளிய வந்திருக்கு, கூடினா உள்ள போயிருக்கு.

இப்ப நம்ம சுவர்ல பெரும்பாலான புள்ளி 98ல இருந்து 106 வரைக்கும் இருக்கு, மேல காலம் ஓரத்துல பூச்சு தடிச்சு ஒரு இடம் மட்டும் 88, கீழ இடது பக்கம் ஒரு இடம் 113னு வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். 88க்கும் 113க்கும் வித்தியாசம் 25 எம்எம். அந்த 88ஐ அப்படியே விட்டு அதுக்குத் தகுந்த மாதிரி சுவர் முழுக்க முன்னாடி கொண்டு வந்தா, ஒரு மேட்டுக்காக மொத்த சுவருக்கும் 10 எம்எம்ல இருந்து 25 எம்எம் வரை பூச வேண்டியிருக்கும். அதுக்குப் பதிலா அந்த மேட்டை மட்டும் 8 எம்எம் கொத்தி 96க்குக் கொண்டு வந்துட்டா, ஆழமான இடத்துல 17 எம்எம், மத்த இடத்துல 2ல இருந்து 10 எம்எம் பூசினா போதும். அரை நாள் கணக்கு பார்த்தா எத்தனை மூட்டை மிச்சம்னு பாருங்க. ஒண்ணு மட்டும், கொத்துறதுக்கு முன்னாடி அது பூச்சா கான்கிரீட்டான்னு பாருங்க, கான்கிரீட்டா இருந்தா கொத்தாதீங்க, கம்பிக்கு மேல இருக்கிற கவர் குறைஞ்சா துரு பிடிக்கும், அப்ப தளத்தைத்தான் முன்னாடி நகர்த்தணும்.

அடுத்த கணக்கு ஜன்னல். பூச்சு 96ல நிக்குது, அதுமேல டைல் பசை 4, டைல்ஸ் 10, அப்ப முடிஞ்ச முகம் 82ல வரும். ஜன்னல் ஃப்ரேமோட முகத்துல ஸ்கேல் வெச்சுப் பார்த்தா 90னு வருது, அப்ப கிளாடிங் ஃப்ரேமைவிட 8 எம்எம் வெளிய நிக்கும். வெளிப்பக்கம் திறக்குற கதவு இடிக்குமா, கிரில் மாட்ட இடம் இருக்குமா, ஜன்னல் சில் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறது குறைஞ்சு மழைத்தண்ணி கிளாடிங் மேலயே வடியுமான்னு இப்பவே பாத்துடணும். ஜன்னல் ஓட்டையோட ரெண்டு குறுக்களவையும் அளந்துடுங்க, வித்தியாசம் இருந்தா ஓட்டை கோணல், ஓரத்துல வெட்டுற பீஸெல்லாம் ஆப்பு மாதிரி வரும்.

மூலைக்கு 60, 80, 100 கணக்கு. உள்மூலைனா ஒரு சுவர்ல 60 செமீ, இன்னொரு சுவர்ல 80 செமீ மார்க் பண்ணி குறுக்கால அளந்தா 100 வரணும். வெளிமூலைனா ஒரு சுவர்ல பட்டையை ஒட்டி மூலையைத் தாண்டி 60 செமீ நீட்டிப் பிடிச்சு, அதோட முனையில இருந்து அடுத்த சுவர்ல 80 செமீ மார்க்குக்கு அளங்க, அதுவும் 100தான்.

ஒட்டுறதா, ஃப்ரேமா

பள்ளத்தை டைல் பசையாலயே ரொப்பிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பசை மெல்லிசா போடுறதுக்குன்னு செஞ்சது, தடிமனா போட்டா காயுறப்ப சுருங்கி டைல்ஸை உள்ள இழுக்கும், நேத்து மட்டமா இருந்தது நாளைக்கு மட்டமா இருக்காது. இன்னொண்ணு, வெளிச்சுவர்ல டைல்ஸுக்குப் பின்னாடி குறைஞ்சது 95 சதவீதம் பசை பிடிச்சிருக்கணும், அங்கங்க உருண்டை வெச்சு ஒட்டுனா நடுவுல காலி இடத்துல தண்ணி தேங்கும், பீஸ் கழண்டு கீழ விழும். கீழ ஆள் நடக்குற இடம்ங்க, இதுல சமாதானமே கிடையாது.

பூச்சுதான் வழின்னா 17 எம்எம்மை ஒரே தடவையா அடிக்காம ரெண்டு கோட்டா பிரிச்சு, முதல் கோட்டு இறுகினதும் கீறிவிட்டு ரெண்டாவது போடுங்க. காலமும் செங்கல்லும் சேர்ற இடத்துல மெஷ் அடிக்கணும். 2, 3 எம்எம் மட்டும் தேவைப்படுற இடத்துல சாதா சிமென்ட் பூச்சு நிக்காது, பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர் போடுங்க. கட்டடத்துல எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கட்டடம் விரிஞ்சு சுருங்குறதுக்காக விட்ட இடைவெளி) போகுதுன்னா அதை மூடிடாதீங்க.

வித்தியாசம் 30, 40 எம்எம்னு வந்தா நான் பூச்சுப் பக்கமே போக மாட்டேன், அவ்ளோ கனத்தை சுவர்ல ஏத்துறதைவிட பிராக்கெட்டும் சேனலும் போட்டு ஃப்ரேம் அடிக்கிறதுதான் நல்லது. பிராக்கெட்ல நீளமான ஓட்டை இருக்கிறதால சேனலை முன்னப்பின்ன நகர்த்தி நிறுத்தலாம், சுவர் எப்படி இருந்தாலும் சேனல் தூக்கா நிக்கும். ஆனா அந்த நகர்த்தலுக்கும் ஒரு எல்லை இருக்கு, அதனால ரீடிங் எடுத்ததுக்கு அப்புறம்தான் பிராக்கெட் ஆர்டர் போடணும், 113 வந்த இடத்துக்கும் 88 வந்த இடத்துக்கும் ஒரே சைஸ் பத்தாம போகலாம். பின்னாடி காத்து போற கிளாடிங்னா, மேடு அதிகமா இருக்கிற இடத்துலயும் காத்துக்கான சந்து மிச்சம் இருக்கான்னு பாருங்க, பொதுவா குறைஞ்சது 20 எம்எம் வேணும். பேக்கிங் கொடுக்கணும்னா பிளாஸ்டிக்லயோ மெட்டல்லயோ ஷிம் (சந்துல வைக்கிற மெல்லிசான தகடு) கொடுங்க, மரச்சில்லு மழைல ஊறி உளுத்துப் போயிடும்.

பூச்சு முடிஞ்சு நல்லா காஞ்ச அப்புறம் அதே லேசரை அதே இடத்துல நிறுத்தி அதே 28 புள்ளியையும் மறுபடி எடுங்க. அதுக்காகத்தான் ட்ரைபாட் நின்ன இடத்தையும் ரெண்டு ஓரத்து 100 எம்எம் அளவையும் பூச்சுல மறையாத இடத்துல, பக்கத்துச் சுவர்லயோ தரையிலயோ ஆணி அடிச்சு வெச்சுக்கணும். எல்லாப் புள்ளியும் 95க்கும் 97க்கும் நடுவுல வந்து, பட்டைக்குக் கீழ ஆப்பு 3 எம்எம் கோட்டைத் தாண்டலேன்னா முதல் வரிசைக்கு நூல் கட்ட ஆரம்பிக்கலாம், அந்த நூலையும் இதே ஆணியில இருந்துதான் எடுக்கணும்.